நான் படித்துக் காட்டாத தாள்

அன்புள்ள அப்பாவுக்கு,

காலை இருமல் குறைந்ததா? மைசூரில் நான் நலமாக இருக்கிறேன். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்தீர்களே, அது சிகிச்சைக்கு அல்ல அப்பா. என் ஆராய்ச்சிக்கு. நுரையீரலில் புண்ணை ஆற்ற வரும் நோய் எதிர்ப்பு அணுக்கள், வேலை முடிந்தும் போகாமல் தழும்பை ஏன் தடிக்க வைக்கின்றன என்று பார்க்கிறேன். விடை கிடைத்தாலும் உங்கள் மூச்சுக்கு உதவும் என்று சொல்ல முடியாது.

கன்னடத்தில் இருந்த ஒப்புதல் தாளை உங்களுக்கு விளக்கவில்லை. "நீ காட்டுற எடத்துல போடறேன் சாமி, உனக்குத் தெரியாததா?" என்றீர்கள். இடத்தைக் காட்டினேன். ஊர் திரும்ப ஹனூர் பஸ்ஸில் ஏறும்போது கண்டக்டரிடம், "எம்புள்ளயே வைத்தியம் பாக்குதுங்க" என்றீர்கள். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். மறுக்கவில்லை.

அந்தத் தாளைத் தமிழில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்களே நிதானமாகப் படியுங்கள். இதில் மறுபடி கையெழுத்துப் போடாமல் விட்டால் உங்கள் ரத்தத்தை ஆராய்ச்சியிலிருந்து நீக்கிவிடுவோம். உங்கள் வைத்தியத்துக்கு ஒரு குறையும் வராது.

அம்மாவிடம் சொல்லி என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். புதியதில் தூக்கம் வரவில்லை.

தபாலுக்கு நேரமாகிவிட்டது. நான் கேட்கிறேன் என்பதற்காக மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள் அப்பா.

வளர்மதி