அம்மா நிறுத்தச் சொன்ன நெல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே இருவரும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அந்தக் குளிரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுது. மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, உன் புத்தகங்களைக் கூடத்து அலமாரிக்கு மாற்றிவிட்டேன், எதையும் எடைக்குப் போடவில்லை, பயப்படாதே.

அம்மாவைப் பற்றிப் பத்திரிகையில் ஏதோ வந்ததே என்று கேட்டிருந்தாய். அவர்கள் பாதியைத்தான் எழுதினார்கள். அம்மா உருவாக்கிய நெல் வயலுக்கு வந்து முப்பது ஆண்டு ஆனதற்காகப் போன வருடம் ஆராய்ச்சி நிலையத்தில் விழா வைத்தார்கள். எல்லோரும் புகழ்ந்து முடித்த பிறகு பேச எழுந்தவள், "இந்த விதையைக் குடுக்கிறதைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திடுங்க" என்றாள். கை தட்டத் தயாராக இருந்த இயக்குநர் அந்தக் கையால் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். அந்த நெல் வந்த புதிதில் நோயை அண்டவிடாது, அதனால்தான் சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவியது, இன்று நோய் அதற்குப் பழகிவிட்டது, போகத்துக்குப் போகம் மருந்து கூடிக்கொண்டே போகிறது என்று விளக்கினாள். "ஒரே நெல்லை எல்லாரும் போட்டா, ஒரு நோய் வந்தா எல்லாரும் ஒண்ணா பட்டினி கிடக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள். விருந்தில் எங்கள் மேசைப் பக்கம் யாரும் வரவில்லை, ஐஸ்கிரீம் மட்டும் இரண்டு தடவை வந்தது.

மறுநாள் காலை விவசாயிகள் சங்கத் தலைவர், நாம் மீசைக்காரர் என்போமே அவர்தான், காலில் சேற்றோடு உள்ளே வந்தார். "நாங்க இதை நம்பித்தானே பொழைக்கிறோம், நீங்க பாட்டுக்கு மேடையில ஏறி நிறுத்துன்னா எப்படி? புதுசு விளையலைன்னா எங்க வீட்டு அடுப்பை நீங்களா எரிப்பீங்க?" என்று சத்தம் போட்டார். எனக்குக் கோபம் வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. அவர் கேட்பது நியாயம்தான் என்று அவரிடமே சொன்னாள். பிறகு, "முழுசும் வேணாம், ஒரு மூலையை மட்டும் குடுங்க, நானும் கூட வர்றேன்" என்றாள். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார். அந்த மூலையில், அவளுடைய பழைய மாணவர்கள் தேர்ந்தெடுத்த புதிய வகைகள் சிலவற்றைப் பட்டை பட்டையாக நட்டு, அறுவடை முடிந்ததும் பயறு விதைத்தார்கள். அவளை வயலுக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவரும் ஓட்டுநர் உத்தியோகம் எனக்கு. நெல் கொஞ்சம் குறைந்தது, அதை மறைப்பானேன். ஆனால் மருந்தடிக்க வேண்டி வரவில்லை, பயறும் கைக்கு வந்தது. மீசைக்காரர் நெல்லை உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதி, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, "மோசமில்லை" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது. அடுத்த போகத்துக்குப் பாதி நிலம் தருகிறாராம்.

போன வாரம் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். பழைய விதையைப் படிப்படியாக நிறுத்த முடிவாகிவிட்டது, புதிய வகை ஒன்றுக்கு அம்மாவின் பெயரை வைக்க விரும்புகிறோம் என்றார்கள். நான் சரியென்று சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டு, "வேணாம்ப்பா, பேரு வெச்சா அப்புறம் நிறுத்த மனசு வராது" என்றாள். அவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகு சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை.

வேலை மாறுவதில் அவசரப்படாதே, மாப்பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கலந்துகொள். குட்டியின் காதுவலியை அசட்டையாக விடாதே. மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல், மனம் நிறைந்து வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது அம்மாவைப் பாராட்டாதே, ஆறுதலும் சொல்லாதே. பயறு எப்படி வந்தது என்று மட்டும் கேள், மீதியை அவளே சொல்வாள்.

உங்கள் நினைவாகவே இருக்கும்
அப்பா