தேர்ப்பவனிக் காரின் ஒலிபெருக்கி இணைப்பு

செப். 3, சனி.
மதியம் மழை. கார் நிறுத்துமிடம் ஈரம், வேலை தொடங்கவில்லை. முதலில் எழுத்து.

1. நான் ஞானப்பிரகாசம், வழக்கறிஞன். கார் என் சொந்தம்.
2. அன்னையின் தேர்ப்பவனியில் இக்கார் தேருக்கு முன்னால் செல்லும். அதனுள் அமர்ந்து என் மனைவி பிலோமினா தமிழில் செபமாலை சொல்ல வேண்டும்.
3. சென்ற ஆண்டு மைத்துனர் சேவியரின் வேனில், ஃபியூஸ் இல்லாத வயர் தகட்டில் உராய்ந்து புகைந்தது. செபமாலையின் ஐந்து மறையுண்மைகளில் மூன்றாவதோடு செபம் நின்றது. அதன்பின் மைக் வைத்த எந்த வண்டியிலும் ஏற மறுக்கிறாள்.

அவள் ஏறாவிட்டால் கேசட் போடுவதாகத் தேவாலயப் பங்குக் குழு முடிவு. பாத்திரம் கழுவும்போது அவள் உதடு செபமாய் அசைகிறது.

செப். 4, ஞாயிறு.
பூசைக்குப் பின் ஜாலான் புசார் கார்ச் சாமான் கடை. தடித்த சிவப்பு வயர், ரிலே, ஃபியூஸ் (உபரியும்), ரப்பர் வளையங்கள். கடைக்காரர் மெல்லிய வயரே போதும் என்றார். மறுத்தேன்.

மாலை வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனை கழற்றிய பிறகே மற்றவை. ஃபியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்திற்குள். வயர் தாங்குவதைவிடக் குறைந்த அளவுள்ள ஃபியூஸ். தகட்டுத் துளை ஒவ்வொன்றிலும் ரப்பர் வளையம். ஆம்ப்ளிஃபயர் முன்னிருக்கையின் கீழ். ரிலே: சாவி முழுதும் திரும்பி எஞ்சின் ஓடும் நிலையில் மட்டும் மின்சாரம் விடும்படி. அதுவே பாதுகாப்பு என்று கருதினேன்.

சேவியர் வந்து பார்த்தார். செம்பவாங் கப்பல் பட்டறைக்காரர், எதிலும் அவசரம். "மச்சான், நீங்க வயருக்கே உயில் எழுதிடுவீங்க லா."

செப். 7, புதன்.
கோவில் வளாகத்தில் ஒத்திகை. தேர் தூக்குவோர் முகத்தில் புகை அடிக்கக் கூடாதென்று நம் பங்கில் எஞ்சினை அணைத்துக் காரைத் தள்ளித்தான் கொண்டுபோவது. ஆண்டுதோறும் காண்பவன் நான், மறந்துவிட்டேன். அணைத்தேன், தள்ளினார்கள், ஒலிபெருக்கி ஊமை. எஞ்சினோடு ரிலேயும் அடங்கிவிட்டது. நல்ல சிரிப்பு. ஒருவர், "லாயர் சார், இந்த வருஷம் மௌன செபமா?"

பிலோமினா வாசலருகே நின்றிருந்தாள். சிரிக்கவில்லை.

சாவியை முழுதும் திருப்பி வைக்கலாமே என்றார்கள். எஞ்சின் ஓடாமல் அப்படி வைத்தால் இக்னிஷன் காயில் சூடேறும், மறுத்தேன். ரிலேயே வேண்டாம், பேட்டரியிலிருந்து நேராக இழுத்துவிடலாம், அஞ்சு நிமிஷ வேலை என்றார் சேவியர். சென்ற ஆண்டும் அஞ்சு நிமிஷ வேலைதான். மறுத்தேன்.

செப். 8, வியாழன்.
மாதா திருநாள்; பவனி சனிக்கிழமை. அரை நாள் விடுப்பு. ரிலேயின் கட்டளை வயரைச் சாவியின் முதல் நிலைக்கு, அதாவது வானொலி மட்டும் இயங்கும் நிலைக்கு மாற்றினேன். எஞ்சின் இன்றியே ஒலிக்கிறது. சாவியை எடுத்தால் அடங்குகிறது.

பிலோமினாவைக் கீழே அழைத்தேன். கையுறை, கண்ணாடி அணிந்தேன். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிவிட்டு, சிவப்பு வயரின் முனையை வேண்டுமென்றே இருக்கையின் இரும்பில் தொட்டேன். ஒரு பொறி. ஃபியூஸ் போயிற்று. வயர் சில்லென்று இருந்தது. தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

"மறுபடி செஞ்சு காட்டுங்க."

செய்தேன். இன்னொரு ஃபியூஸ் போயிற்று. அவள் காரைச் சுற்றிவந்து, தன் பக்கத்துக் கதவைத் திறந்தாள், மூடினாள், மீண்டும் திறந்தாள்.

"வயரப் பத்தி நான் எப்பங்க பேசினேன்? அன்னிக்குப் புகை வந்ததும் கதவத் தள்ளுறேன், திறக்கல. வெளிய அத்தனை பேரும் கதவுல சாஞ்சு வண்டியத் தள்ளிக்கிட்டு இருந்தாங்க. நான் கத்துனது ஒலிபெருக்கி இரைச்சல்னு நெனச்சாங்க."

ஓராண்டு. நான் கேட்கவே இல்லை. வயர் என்று நானே தீர்மானித்துவிட்டேன்.

செப். 9, வெள்ளி.
வேலை முடிந்ததும், தள்ளுவோர் அனைவரையும் சந்தித்து, கதவில் சாயாமல் பின்னாலிருந்து தள்ளச் சொன்னேன். முணுமுணுப்பு: பின்னாலிருந்து மட்டும் தள்ளினால் திருப்பத்தில் சிரமமாம். அப்படியானால் இன்னும் ஆட்களைச் சேர்ப்போம் என்றேன். சென்ற ஆண்டு அந்தக் கதவில் சாய்ந்தவர்களில் சேவியரும் ஒருவர். கடைசியில் அவர், "அக்கா பக்கம் நான் நடக்குறேன் மச்சான். கைப்பிடிய விடமாட்டேன்."

செப். 10, சனி.
பவனி நாள். வானம் மூட்டம், மழை இல்லை. பேட்டரி முனைகள் இறுக்கம். உபரி ஃபியூஸ் சட்டைப் பையில்.

முன் எழுதியதோடு சேர்ப்பது:
4. காரைப் பின்புறமிருந்து மட்டுமே தள்ள வேண்டும். பிலோமினா பக்கத்துக் கதவில் எவரும் சாயக் கூடாது. அது பூட்டப்படாது.

மனைவி சாட்சியாகலாமா என்பது வேறு கேள்வி. பேனாவைக் கேட்டு வாங்கியது அவள்.

(ஒப்பம்) ஞானப்பிரகாசம்

சாட்சிகள்:
சேவியர், கதவருகே நின்று
பிலோமினா, காரின் உள்ளே அமர்ந்து