வலது முழங்காலில் பட்டை

நவ. 5, புதன்

காலையில் தூசி. மத்தியானம் தெளிந்தது. ஆஸ்பத்திரியில் மார்னிங் டூட்டி. பால்கனித் துணியை எடுக்க மறந்துபோய், எல்லாவற்றையும் மறுபடி துவைத்தேன்.

கட்டடத்தில் மூன்றாவது நாளாக லிஃப்ட் இல்லை. எங்களுக்கு நாலாவது மாடி. வீட்டுக்காரர் லிஃப்ட் டெக்னீஷியன். குவைத் முழுக்க ஓட வைக்கிறார், ஃபர்வானியாவில் தன் வீட்டு லிஃப்டைத் தொடக்கூடாதாம். வேறு கம்பெனி கான்ட்ராக்ட்.

மாலை தம்பி ஜெனிஷ் வந்தான், கையில் ஒரு கவர் நெத்திலி. இவன் மீனோடு வந்தால் ஏதோ கேட்கத்தான் வருவான். கேட்டான்.

"அக்கா, அத்தான எங்க டீமுக்கு எடுக்கலாம்னு இருக்கோம்."

அவன் மானேஜராக இருப்பது எங்கள் ஊர் டீமுக்கு. கி. (வீட்டுக்காரர் கில்டஸ், முழுப்பெயர் எழுதப் பொறுமையில்லை) அடுத்த ஊர். கடற்கரையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு ஓடைதான். ஃபுட்பால் என்று வந்தால் பேச்சுவார்த்தை கிடையாது. இங்கே வந்தும் வெள்ளிக்கிழமை செவன்ஸில் (அணிக்கு ஏழு பேர் ஆட்டம்) அதே கதை. கி. பதினான்கு வருஷம் அவர் ஊருக்கு நடுவில் நின்று ஆடினார். பந்து முதலில் அவர் காலுக்கு வரும், பிறகுதான் மற்றவர்களுக்குப் போகும். ஏப்ரல் ஃபைனலில் விழுந்தார். இந்த சீசனில் அவர் ஊர்க்காரர்கள் பெயரை எடுத்துவிட்டார்கள். வயது முப்பத்தொன்பது. போனில்கூடச் சொல்லவில்லை, லிஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

ஜெனிஷ் கேட்டதும் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆட்டத்துக்குக் கிளம்பும்போது இருக்கும் அந்த முகத்தை ஏப்ரலுக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

நவ. 6, வியாழன்

நைட் டூட்டிக்காரி லேட். வரும்போது மகள் ஆன்சிக்கு சார்ட் பேப்பர் வாங்கினேன், தவறான கலராம்.

ஜெனிஷ் டீம் குரூப்பில் வந்த வாய்ஸ் மெசேஜ்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறான். சமைத்துக்கொண்டே கேட்டேன்.

"அடுத்த ஊர்க்காரன் நம்ம ஜெர்சிய போடவா? ஊருல தெரிஞ்சா கல்லெறிவானுவ."

"அவிய ஓடாண்டாம்லே. சும்மா நிண்ணாலே ரெண்டு பேரு அவிய கூட நிப்பானுவ. நம்ம பயலுவளுக்கு எடம் கெடைக்கும்."

"முட்டு போன ஆள எடுத்து என்னத்துக்கு? ஃபோட்டோ எடுக்கவா?"

மூன்றாவது பேசியவன் யாரென்று தெரியாது. அவனுக்கு ஒரு பிரியாணி போடலாம்.

யாருக்கும் தெரியாதது, எனக்குத் தெரிந்தது: போனது இடது முட்டு. ஜவ்வு கிழிசல். ஸ்கேன் ரிப்போர்ட் என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில். விளையாடவே கூடாது என்றார் டாக்டர். ஆனால் கி. எலாஸ்டிக் பட்டை போடுவது வலது முழங்காலில். பழைய ஆட்டக்காரர்களின் தந்திரம். பட்டை போட்ட காலைத்தான் எதிராளி குறிவைப்பான், கெட்ட கால் தப்பிக்கும். ஏப்ரலிலிருந்து இவர் எல்லோருக்கும் இந்த வேலையைக் காட்டுகிறார், ஜெனிஷுக்கும் சேர்த்து. இவர் விழுந்தபோது அவன் லீவில் ஊரில் இருந்தான்.

அடுத்த வியாழன் கம்பெனி மெடிக்கல். லிஃப்ட் குழிக்குள் ஏணியில் ஏறி இறங்கும் வேலை. போன வருஷம் இவரோடு இருந்த பிலிப்பினோவுக்கு முட்டு வீக்கம், அன்ஃபிட் எழுதினார்கள். அந்த மாதமே கலாஸ், வேலை முடிந்தது, ஊருக்கு டிக்கெட். ஆன்சி பதினொன்றாவது படிக்கிறாள். இந்த நேரத்தில் இவர் ஊருக்குப் போனால், நானும் அவளும் இங்கே தனியாக.

நவ. 7, வெள்ளி

நல்ல வெயில், ஆனால் சூடு இல்லை. காலை பூசை. மூன்று மணிக்கு கிரவுண்ட். "சும்மா ஒரு ட்ரையல்" என்றான் ஜெனிஷ். நானும் ஆன்சியும் போனோம். நான் போகாமல் இருந்திருக்கலாம்.

கி. இருபது நிமிஷம் ஆடினார். ஓடவில்லை, நின்ற இடத்திலிருந்தே பந்தைப் பிரித்துக் கொடுத்தார். ஒரு பந்து, மூன்று பேருக்கு நடுவே, யாரும் பார்க்காத மூலைக்கு. கோல். நானும் கை தட்டினேன். கை தட்டிவிட்டு என்னையே திட்டிக்கொண்டேன்.

பிறகு ஜெனிஷ் பட்டையைத் தட்டிக் காட்டினான்.

"அத்தான், இந்தக் காலுல மட்டும் நிண்ணு பத்து சாட்டம் சாடுங்க. பயலுவ பாக்கட்டு."

வலது கால். நல்ல கால். பன்னிரண்டு தடவை எம்பிக் குதித்தார். மூச்சுக்கூட வாங்கவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், தோளில் தட்டினார்கள். அடுத்த ஊர்க்காரன் என்று பேசியவன்தான் முதலில் வந்து கட்டிப்பிடித்தான்.

என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதுபோல் பைக்குள் குனிந்தேன்.

திரும்பி வந்து படி ஏறும்போது ஆன்சி என் காதில், "அம்மா, ஹீ இஸ் லிம்பிங். அதர் லெக்." பிள்ளைக்கும் கண் இருக்கிறது.

நவ. 9, ஞாயிறு

வாங்க: மத்தி, தேங்காய், ஐஸ் பேக் (பழையது ஒழுகுகிறது), ஆன்சிக்கு நீல சார்ட்.

இடது முட்டு பன்போல வீங்கியிருக்கிறது. பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு ஐஸ் வைக்கிறார். நான் தட்டினேன்.

"தெறக்குங்க."

"குளிக்கேன்லா."

தண்ணீர்ச் சத்தமே இல்லை. குளிக்கிறாராம்.

மெடிக்கலைப் பற்றிப் பேசினேன். "டாக்டரு பிரஷர் பாத்து விட்டுருவாரு பிள்ள. அஞ்சு மாட்ச்தான. ஒரு சீசன். அவனுவளுக்கு ஒருதடவ காட்டிட்டு நிறுத்திருவேன்." அவனுவ என்றால் அவர் ஊர்க்காரர்கள். கோபம் முட்டில் இல்லை, லிஸ்ட்டில் இருக்கிறது. எனக்கும் அவர்கள்மேல் கோபம்தான். அதற்காகக் குடும்பத்தைக் கிரவுண்டில் வைத்து உதைக்க முடியுமா?

ஜெனிஷுக்கு போன் செய்ய இரண்டு தடவை எடுத்தேன். வைத்துவிட்டேன். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயர். சொல்லாமல் விட்டால் வேறு பெயர்.

நவ. 10, திங்கள்

ஆறு மணிக்கு ரெஜிஸ்ட்ரேஷன் முடிகிறது. நாலரைக்கு ஜெனிஷ் ஃபார்மோடு வந்தான். போட்டோ, சிவில் ஐடி காப்பி எல்லாம் கி. தயாராக எடுத்து வைத்திருந்தார். பாஸ்போர்ட் புதுப்பிக்க ஒரு மாதம் இழுத்த மனுஷன்.

டீ போட்டுக் கொடுத்தேன். ஜெனிஷ் சும்மாதான் கேட்டான், சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை.

"அக்கா, நீ நர்சுல்லா. அத்தானுக்கு முட்டு கொள்ளாம், நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிரு. ரெண்டு பேரு இன்னும் மொனங்குதானுவ, வாய அடைச்சிருவேன்."

கி. டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனோ என்னவோ.

"இடது காலுல சாடச் சொல்லு," என்றேன்.

"இடதா? பட்ட வலதுலல்லா போட்டிருக்காவ?"

"பட்டைய எங்க வேணும்னாலும் போடலாம்."

கி. எழுந்தார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு இடது காலில் நின்றார். ஒரு தடவை சாடினார். இரண்டாவதுக்குக் கால் தரையை விட்டு எழும்பவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

"ஃபார்ம மடக்கி வையி," என்றார் ஜெனிஷிடம்.

அவன் டீயைக் குடிக்காமலே போனான். கதவு சாத்தின பிறகு கி. சொன்னது: "ஏழு மாசமா ஒனக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்." அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

இங்கே யாரும் பார்க்கப்போவதில்லை, உள்ளதை எழுதுகிறேன். அழுகை வந்தது. அதற்கு முன்பே நிம்மதி வந்துவிட்டது.

நவ. 12, புதன்

மழை. இந்தக் குளிர்காலத்தின் முதல் மழை. வார்டில் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம், பேஷன்ட் உட்பட.

வீட்டில் மழை இல்லை, இடியும் இல்லை. "சோறு", "சாவி", "சரி". மூன்று நாளில் கி. என்னிடம் பேசிய மொத்தப் பேச்சு. ஆன்சி நடுவில் தபால்காரி. லிஃப்ட் ஓடத் தொடங்கிவிட்டது. அதைக்கூட அவள்தான் வந்து சொன்னாள்.

நாளை மெடிக்கல். நெத்திலிக் கருவாடு வறுத்தேன். முழுக்கச் சாப்பிட்டார், பேசாமல்.

நவ. 13, வியாழன்

டூட்டியில் கையே ஓடவில்லை. ஒரே பேஷன்டுக்கு இரண்டு தடவை டெம்பரேச்சர் பார்த்தேன். பதினொன்றரைக்கு போன்.

"ஃபிட்டுதான்."

"முட்டப் பாத்தாவளா?"

"பாக்கல்ல. நானேதான் காட்டுனேன். இடது காலுன்னு சொன்னேன்."

மீதியையும் அவரே சொன்னார்: டாக்டர் மடக்கி நீட்டிப் பார்த்தாராம். மூன்று மாதம் லைட் டூட்டி, ஏணி வேண்டாம், ஃபிசியோ. சூப்பர்வைசர் கன்ட்ரோல் பேனல் வேலைக்கு மாற்றிவிட்டார். நாளை மாட்ச் ஆடினால் பிறகு முழங்காலை மடக்கவே முடியாது என்று டாக்டர் சொன்னதையும் சொன்னார். அதைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. சொன்னார்.

"செரி, வையி. மத்தி வாங்கிட்டு வாறேன்."

நாலு வாக்கியத்துக்கு மேல் பேசிவிட்டார். மருந்து ரூமுக்குள் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். சிஸ்டர் ஒருத்தி, "என்ன, நல்ல சேதியா?" என்றாள். வேலை போகவில்லை என்றேன். அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நவ. 14, வெள்ளி

தெளிந்த வானம், லேசான குளிர். முதல் மாட்ச். எங்கள் ஊரும் அவர் ஊரும், வேறு யார்.

ஜெனிஷ் காலையிலேயே போன் செய்து அத்தானைக் கூப்பிட்டான். லைனில் ஒரு நாற்காலி போட்டுத் தருகிறானாம், பயல்களுக்கு யாரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க. போகமாட்டார் என்று நினைத்தேன். சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு, ஆன்சியையும் கூட்டிக்கொண்டு போனார். நான் போகவில்லை. பயறு ஊறப் போட்டேன், ஜன்னல் துடைத்தேன், மணி பார்த்தேன்.

ஆறரைக்கு வந்தார்கள். கி.யின் குரல் சுத்தமாகப் போயிருந்தது. நாற்காலியில் உட்காரவே இல்லையாம், ஆன்சி சொன்னாள். ரெஃப்ரி இரண்டு தடவை வார்னிங்.

"ஜெயிச்சியளா?"

"மூணுக்கு ஒண்ணு. தோத்தாச்சி."

"நீங்க எறங்கியிருந்தா?"

யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"ஆறு கோல் வாங்கியிருப்போம்," என்றார்.

முதலில் ஆன்சி சிரித்தாள், பிறகு அவர், பிறகு நான். வாங்கியிருப்போம் என்றார். எங்கள் ஊர் டீமைத் தன் டீமாக்கி.

குளித்துவிட்டுப் பட்டையோடு வந்து உட்கார்ந்தார். இடது காலில்.

"இது லூசா கெடக்கு. இந்தத் தொட மெலிஞ்சிட்டுல்லா."

நாளைக்கு வாங்க: இட்லி அரிசி, வெங்காயம், பட்டை ஒன்று (எம் சைஸ், இடது).