கடலைப் பார்த்த கதவு

ஈப்போ,
திங்கட்கிழமை

கோபக்காரத் தங்கைக்கு,

"நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும்க்கா" என்று நேற்று நீ அனுப்பிய குறுஞ்செய்தியைப் படித்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. இதை எழுதும்போதே இரண்டு முறை எழுந்து நடந்துவிட்டேன். தொலைபேசியையும் நீ எடுப்பதில்லை.

உங்கள் மாதா கோயிலின் கடல்பக்கக் கதவில் செதுக்கிய நங்கூரத்தின் ஒரு முனை உடைந்திருக்கிறது. மேலே வளைவில் சுண்ணாம்பு பெயர்ந்து செங்கல் தெரிகிறது. படத்தில் பார்த்துச் சொல்லவில்லை. உன் திருமணப் பொன்விழாப் பூசை முடியும்வரை அதன் எதிரில்தான் நின்றேன்.

பழைய மாதா கோயில்களில் பீடம் கிழக்கே, தலைவாசல் மேற்கே என்று படித்தவள் நான். அங்கே மேற்கே கடல்; அதனால் வாடகைக் காரைப் படகுத்துறையில் நிறுத்தச் சொன்னேன். கதவு மூடியிருந்தது, உள்ளே பாட்டு கேட்டது. நடை சாத்தியிருந்தால் திறக்கும்வரை காத்திருப்பதுதானே நம் வழக்கம்? செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

மீன்கூடையோடு போன ஒருத்தி சிரித்தாள்.

"அம்மா, படகுல வந்த காலத்துக் கதவுலா அது! ரோடு போட்டதிலிருந்து எல்லாரும் அந்தப் பக்கம்தான். பூசை முடிஞ்சு காரெல்லாம் போயிருச்சே!"

நீ மதம் மாறி மணந்தபோது நான் வரவில்லை, வேண்டுமென்றேதான். நேற்று வந்தேன்.

நம்பாவிட்டால் போய்ப் பார். பதற்றத்தில் செருப்பை அந்தப் படியிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தேன். அதை எடுத்து ரோட்டுப் பக்க வாசலில் வை. ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுக்கொள்கிறேன்.

உன் அக்கா