வேர்க்கவே இல்லன்னு சொன்னியே

ராசா, எப்படிய்யா இருக்க? இங்க நாங்க மூணு பேரும் சொகம்தான், நீயும் அங்க சொகமா இருக்கணும். நான் சொல்லச் சொல்ல உன் தங்கச்சி எழுதுறா, போட்டோ புடிச்சு போன்ல அனுப்புவா. பேசினா நீ சரிப்பா சரிப்பான்னு வெச்சிடுவ, அதான் எழுத்து.

நம்ம பெரிய எருமை போயிடுச்சுய்யா. செவ்வாக்கிழமை உன் அம்மாவுக்குக் கண்ணாடி வாங்க டவுனுக்குப் போனோம், அத மரத்து நெழல்லதான் கட்டிட்டுப் போனேன். நெழல் நகரும்னு தெரியாதவனா நான்? மறந்துட்டேன். வெயிலுக்குக் காக்கா வாயத் தொறக்கும், கோழி றெக்கைய விரிக்கும், நாய் நாக்கத் தொங்கப் போடும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு வழி. உன் அம்மா ஓயாம பேசியே சூட்ட எறக்கிக்குவா, இத எழுதாதேன்னேன், உன் தங்கச்சி எழுதிட்டா. எருமைக்கு வேர்வை பத்தாதுய்யா, குட்டையில கெடந்தாத்தான் உண்டு, குட்டையும் வத்திக் கெடக்கு. நாங்க வந்தப்ப உச்சி வெயில்ல நின்னு நொரை தள்ள மூச்சு இரைச்சுது. நெழலுக்கு மாத்திக் கட்டி ரெண்டு வாளி தண்ணி ஊத்தினேன். ரெண்டு வாய் சாப்ட்டு வந்து பாத்தா இரைக்கவே இல்ல. தணிஞ்சிடுச்சுடின்னு உன் அம்மாகிட்ட சந்தோசமாச் சொன்னேன். சொல்லி வாய் மூடல, முன்னங்கால் மடங்கிச் சாஞ்சிடுச்சு.

மாட்டு டாக்டர் வந்து பாத்துட்டு, பெரியவரே, இரைக்கிற வரைக்கும் ஒடம்பு சூட்டோட சண்டை போடுது, இரைப்பு நின்னது தணிஞ்சு இல்ல, ஒடம்பு கைவிட்டுன்னாரு.

அதக் கேட்டதும் உன் நெனப்புதான்யா. திங்கக்கிழமை போன்ல என்ன சொன்ன? மொட்ட மாடியில கம்பி கட்டுறேன், தலை மட்டும் சுத்துது, ரெண்டு நாளா வேர்க்கவே இல்லப்பா, வெயில் பழகிடுச்சுன்ன. நானும் என் புள்ள இரும்புன்னு பக்கத்து வீட்டுல பீத்திட்டு வந்தேன். டாக்டர்கிட்ட உன்னப் பத்தியும் கேட்டேன். நான் மாட்டுக்குத்தான் வைத்தியன், ஆனா இது பழக்கம் இல்ல, பழகின ஒடம்பு கூடத்தான் வேர்க்கும், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுன்னாரு.

இதப் பாத்ததும் மாடிய விட்டு எறங்கு, நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. எருமைய நான் கட்டிப் போட்டேன், அதுக்குப் போக வழியில்ல. உன்னை யாரும் கட்டல ராசா. மேஸ்திரி ஏசினா ஏசட்டும், வேலை போனாப் போகட்டும்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும்யா. பதில்ல வேற எதுவும் வேணாம், எறங்கிட்டேன்னு ஒரு வார்த்தை போடு, போதும்.

உன் அப்பன்

இரு, உன் அம்மா தொழுவத்துலேர்ந்து கத்துறா, சின்ன எருமை இரைக்குதாம். இரைக்கட்டும்டி, இரைச்சாத்தான் நல்லது, இதோ தண்ணியோட வர்றேன். ராசா, நீ மட்டும்...