பஸ்காலுக்கு ஒரு மன்றாட்டு

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.
கார்த்திகை மழை, செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் லதுஷாவுக்கு,

ஆண்டவருடைய காவலில் நீ அங்கே பெர்கனில் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும், பனிக்குள் வேலைக்குப் போய்வரும்போது சறுக்கி விழாமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் செபமாலையில் உன்னைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே நான் சுகம். சீனி வருத்தம் குறைந்திருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னார்கள், முழங்கால்தான் மழைக்கு முரண்டு பிடிக்கிறது. குசினிப் பக்கம் ஓடு ஒன்று விலகி ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன், மழை விட்டதும் ஆளைக் கூப்பிட்டுப் போடுவிப்பேன், அதற்காக நீ அங்கிருந்து கவலைப்பட வேண்டாம். மிளகாய்த்தூளும் கொஞ்சம் நெத்தலிக் கருவாடும் அனுப்புகிறேன். வழமைபோல் இந்தக் கடிதம் தூள் பைக்கு மேலே இருக்கும். தொலைபேசியில் சொல்லலாம்தானே என்று கேட்பாய். இதைத் தொலைபேசியில் சொல்ல ஏலாது பிள்ளை. நான் அழத் தொடங்கினால் உனக்கு உடனே சிக்னல் இல்லாமல் போய்விடும்.

வீட்டில் தனிய இருந்து சுவரைப் பார்க்காமல் இதைப் பாருங்கோ அம்மா என்று நீ ஒரு தொடரைச் சொன்னாயே, இத்தாலியில் ஒரு மாபியாக் குடும்பத்தின் கதை, தமிழில் குரல் கொடுத்தது, அதைப் பார்த்து முடித்துவிட்டோம். பக்கத்து வீட்டு ஜெனிதாதான் தன் தொலைபேசியை ரீவியில் பூட்டிப் போடுவாள். பின்னேரம் தையல் மெசினை மூடிவிட்டு அவள் கதிரைகளை இழுத்துப் போட, தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற சோமசேகரம் அண்ணை வருவார், சந்தியில் ஓட்டோ ஓடுகிற அன்ஸாரும் சவாரி இல்லாத நேரம் பார்த்து வந்து வாசற்படியில் குந்துவான். தொடரைப் பார்த்த நேரத்தைவிட அதைப் பற்றிச் சண்டை பிடித்த நேரம்தான் கூட. அந்தக் குடும்பத் தலைவன் பஸ்கால் ஆட்களைக் கொல்லச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மகளுக்குத் தலை இழுத்துப் பின்னி விடுவானே, அதைப் பார்த்து ஜெனிதா உருகிப் போய்விட்டாள். என்ன செய்தாலும் பிள்ளையளிலை பாசமான மனுசன் அக்கா என்பாள். அன்ஸாருக்கு அது பிடிக்காது. மற்றவன்ட பிள்ளைக்கு ஆர் தலை பின்னுறது, அதையும் யோசிச்சுப் பாருங்கோ என்று ஒருநாள் சொன்னான். சோமசேகரம் அண்ணை மட்டும் இருவருக்கும் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்லப் பார்ப்பார், இரண்டு பக்கத்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்வார்.

கடைசிப் பகுதிகள்தான் எனக்கு ஏலாமல் போனது. பஸ்கால் வீட்டுச் செருப்போடு வெளியே காரை நகர்த்தி விடப் போகிறான், அவ்வளவுதான், திரும்பி வரவில்லை. யார் கொண்டுபோனது, என்ன செய்தது என்று காட்டவே இல்லை. அவன் மனைவி லூசியா பிள்ளைகளைப் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தாமல் விட்டுவிட்டு இருக்கிறாள், காற்று உள்ளே வருகிறது, அதோடு கதை முடிந்தது. சோமசேகரம் அண்ணை அவன் பெயரை மாற்றிக்கொண்டு வேறு நாட்டில் இருப்பான் என்றார். அன்ஸார் கடலுக்குள் போட்டிருப்பார்கள் என்றான், சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நல்ல பொடியன், அவனில் பிழை இல்லை.

பார்த்த சனம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்போம் என்று ஜெனிதா கீழே கிடந்த கருத்துகளை வாசிக்கத் தொடங்கினாள். எனக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியாது. ஒருவர் அடுத்த பாகம் எப்போது என்று கேட்கிறார், ஒருவர் லூசியாவுக்கு எல்லாம் முதலே தெரியும் என்கிறார், ஒருவர் அவளுடைய சட்டைகள் வடிவு என்று எழுதியிருக்கிறார். சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். அடுத்ததையும் அதே வேகத்தில் வாசித்தாள். 'அவர் செத்துவிட்டார். ஊருக்கே தெரியும், அந்த மனுசி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டாள். வராதவருக்காகக் கதவைத் திறந்துவைத்து, வீட்டில் இருக்கிற பிள்ளையைப் பயத்தில் படுக்க வைக்கிறாள்.' வாசித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் இருந்த சின்னப் படத்தைக் கண்டாள் போலிருக்கிறது. ரீவியை நிப்பாட்டிவிட்டுத் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பினாள். நான் கையைப் பிடித்து ஆர் எண்டு காட்டு பிள்ளை என்றேன். பனிக்குள் சிவப்புக் கோட்டோடு நீ நிற்கிறாய்.

கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் உன் அழைப்பை எடுக்காமல் விட்டது முழங்கால் வலியால் இல்லை. லூசியாவுக்கு இரண்டு பிள்ளைகள், நீ ஒரு பிள்ளை என்று எழுதியிருக்கிறாய். பிறகு படுத்துக் கிடந்து யோசித்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போன அன்று நீ ஏழாம் ஆண்டுப் பிள்ளை, மேசையில் கணக்குச் செய்துகொண்டிருந்தாய். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓடிவிட்டு வந்து மேல் கழுவினதுதான், சாப்பிடக்கூட இல்லை. வந்தவர்கள் அஞ்சு நிமிசம் விசாரிச்சிட்டு விடுறம் என்றார்கள். செருப்போடுதான் போனார். அவர் வந்து தட்டி, நித்திரையில் எனக்குக் கேளாமல் போனால் என்ன செய்வது என்றுதான் அன்று மேல் கொண்டியைப் போடாமல் விட்டேன். அந்த இரவு இன்னும் முடியவில்லை, கொண்டி இன்றுவரைக்கும் போடாமல்தான் கிடக்கிறது. நீ என் சட்டை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படுத்ததை அப்பாவை நினைத்து ஏங்குகிறாய் என்றுதான் நினைத்தேன். கதவுக்குப் பயந்தாய் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லையே மகள்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. வந்தவர்களில் ஒருவன் தண்ணீர் கேட்டான். அப்பாவின் கோப்பைதான் கைக்கு எட்டியது, அதில் வார்த்துக் கொடுத்தேன், குடித்துவிட்டு நன்றி அம்மா என்றான். இத்தனை வருடமும் நினைவில் அவனை நான் எங்கள் வாசலில் மட்டும்தான் கண்டிருக்கிறேன். இந்தத் தொடரைப் பார்த்த நாளில் இருந்து அவன் தன்னுடைய வீட்டுக்குப் போகிறான், ஒரு பெண் கதவு திறக்கிறாள், அவன் ஒரு சின்னப் பிள்ளைக்குத் தலை பின்னுகிறான். கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. அந்தக் கோப்பையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன், அப்போதும் அவன் போகவில்லை.

இனித்தான் முக்கியமான கதை. சகல ஆத்துமாக்கள் நாளில் சேமக்காலையில், கல்லறைகளுக்கு நடுவில், பூசை நடந்தது. பங்குச் சனம் எல்லோரும் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களைக் கொடுப்பார்கள், பூசை வைக்கிற சுவாமி வாசிப்பார், உனக்குத் தெரியும். நான் அப்பாவின் பெயரை ஒருநாளும் கொடுத்ததில்லை, உயிரோடு இருக்கிறவர்களின் சுகத்துக்காக வைக்கிற பூசைக்குத்தான் கொடுப்பேன். ஒவ்வொரு வருடமும் குடையைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களின் செத்தவர்களுக்கு மன்றாடிவிட்டு வருவேன். இந்த முறை ஜெனிதாவின் தாய் தகப்பன் பெயர் வந்தது, அடுத்ததாகச் சுவாமி பஸ்கால் என்று வாசித்தார். எங்கள் பங்கில் அந்தப் பெயரில் செத்தவர்கள் ஒருவரும் இல்லை. திரும்பி ஜெனிதாவைப் பார்த்தேன், தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவனுக்கெண்டு ஆர் அக்கா மன்றாடுறது, பெயரும் வேதப் பெயர்தானே, எழுதிப் போட்டன் என்று பிறகு சொன்னாள். விசரி. சேமக்காலை முழுக்க நனைந்துகொண்டு நின்ற சனம் ரீவிக்குள் இருந்த ஒரு கொலைகாரனுக்கு நித்திய இளைப்பாற்றி கேட்டது. வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று ஒரு கல்லறைக் கட்டில் இருந்துவிட்டேன். பிறக்கவே பிறக்காத ஒருவனுக்கு இவ்வளவு சனம் மன்றாடுகிறது, என்னுடைய கிறிஸ்தோபருக்கு ஒரு வாய்கூட மன்றாடவில்லை. மன்றாட விடாமல் வைத்திருந்தது நான்.

எனக்குத் தெரியாது என்று நினைத்தாயோ. எப்போதோ தெரியும் பிள்ளை. என் வாயால் பெயரைக் கொடுத்தால் நானே அவரைச் சாகக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்ற பயம்தான். அதனால்தான் எல்லாக் கடிதத்திலும் நானும் அப்பாவும் சுகம் என்று தொடங்கி, அப்பா, அம்மா என்று இரண்டு பேரையும் போட்டு முடித்தேன். நீயும் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. ஊர் பேர் தெரியாத சனத்துக்கு எழுதியதை எனக்கும் ஒருமுறை சொல்லேன். அம்மா, அப்பா இல்லை என்று உன் வாயால் சொல். நான் ஓம் என்று சொல்வேன். பிறகு இருவருமாகப் போய்ச் சுவாமியிடம் பெயரைக் கொடுப்போம், தனிய என்னால் ஏலாது.

பாலன் பிறக்கிற நத்தாருக்கு லீவு கேட்டுப் பார். எழுதியதை அழிக்க வேண்டாம், அது கிடக்கட்டும். தலையை ஈரத்தோடு விடாதே, இரவில் வெறும் பாண் தின்று படுக்காதே, கருவாட்டை யன்னல் திறந்துவைத்துப் பொரி, பக்கத்து வீட்டார் பொலிசைக் கூப்பிடப் போகிறார்கள். தேவமாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, நீ எந்த நேரம் வந்து இறங்கினாலும் தட்டிக்கொண்டு நிற்க வேண்டாம், கதவு திறந்துதான் இருக்கும். உள்ளே வந்ததும் கொண்டியை நீயே போட்டுவிடு.

இப்படிக்கு உன்
அம்மா றீற்றா