ஆள் நடந்த கட்டத்தில் மட்டும் போகும் டாங்கி

இன்று காலை வீட்டுக்கு எதிரில் இருக்கும் பெரிய வாய்க்காலைத் தூர்வார ஆட்கள் வந்தார்கள். இயந்திரம் அள்ளிக் கரையில் கொட்டிய கறுப்புச் சேற்றின் வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. மருமகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைச் சாத்தப் போனாள். "இருக்கட்டும்மா" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். ஜெராம் தோட்டத்து மண்ணும் இதே வாடைதான். உன் அண்ணன் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால், என் சப்பாத்து ஒன்றை விழுங்கிய மண். அதை நினைத்ததும் உனக்கு எழுத வேண்டும் போலிருந்தது. நடந்ததெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் எதையும் ஆரம்பத்திலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். பொறுத்துக்கொள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நமக்குக் கல்யாணமான புதிது. கோலசிலாங்கூரில், மலையடிவாரத்தில் வாடகை வீடு. நான் இடைநிலைப்பள்ளியில் கணக்கு ஆசிரியர். நீ வழக்கறிஞர் அலுவலகத்தில் தட்டச்சர். வகுப்பில் கணக்குப் போட்டு விளக்க எனக்கு வாய் இருந்தது. வீட்டில் உன் எதிரில் உட்கார்ந்தால் அது எங்கோ போய்விடும். சொல்ல வேண்டியதை மனத்துக்குள் எழுதி, அடித்து, திருத்தி முடிப்பதற்குள் நீ சாப்பிட்டு எழுந்துவிடுவாய். நீயோ அலுவலகத்தில் நடந்தது, சந்தையில் பார்த்தது, மலையிலிருந்து இறங்கி வந்த குரங்கு யார் வீட்டில் என்ன திருடியது என்று விடாமல் பேசுவாய். ஒரு நாள் கேட்டே விட்டாய்.

"என்னங்க, என்னைப் பிடிக்கலியா? இல்ல, வீட்டுலயும் பரீட்ச நடக்குதா? இவ்வளவு அமைதியா இருக்கு."

பிடிக்கும் என்று சொல்ல நினைத்தேன். "சோறு நல்லா இருக்கு" என்று சொன்னேன்.

அப்போது என் பேச்செல்லாம் ஒரு பெட்டியோடுதான். தொலைக்காட்சியில் இணைக்கிற சின்னக் கணினி அது. எழுதிய நிரலை ஒலிநாடாவில் பதிந்து வைத்து, வேண்டும்போது அதிலிருந்து ஏற்ற வேண்டும். ஏற்றும்போது காது கிழியக் கீச்சிடும். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நம் மக்சிக், ஒரு முறை வேலியோரம் வந்து, பூனை எதுவும் மாட்டிக்கொண்டதா என்று விசாரித்தார். "பூனை இல்ல மக்சிக், என் வீட்டுக்காரர்" என்று நீ மலாயில் சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

அந்தப் பெட்டியில் நான் ஒரு போர் விளையாட்டு செய்துகொண்டிருந்தேன். கட்டம் கட்டமாகப் பிரித்த களம், இரண்டு படைகள், ஒருவர் ஆடி முடித்ததும் மற்றவர். காலாட்படையும் குதிரைப்படையும் தயாராகிவிட்டன. மிச்சம் இருந்தது டாங்கி. இன்றைய டாங்கி அல்ல. முதல் உலகப் போரில் இறக்கிய ஆரம்பகால டாங்கி. சுற்றிலும் சங்கிலிப் பட்டை ஓடுகிற, சாய்ந்த இரும்புப் பெட்டி. நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் அதன் படத்தைப் பார்த்ததிலிருந்து அது மனத்தை விட்டுப் போகவில்லை. கிள்ளானில் கணினிப் பிரியர்கள் சிலர் அவ்வப்போது கூடுவார்கள். அடுத்த கூட்டத்தில் உங்கள் விளையாட்டை எல்லாருக்கும் காட்டுங்கள் என்று யாரோ கேட்க, மறுக்கத் தெரியாமல் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். அத்தனை பேருக்கு முன்னால் நிற்க வேண்டும், பேச வேண்டும், டாங்கி சொதப்பினால் அதையும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

தாளில் எட்டுக்கு எட்டுக் கட்டம் போட்டு நான் டாங்கியை வரைந்துகொண்டிருந்த ஒரு மாலை, காப்பியோடு வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாய்.

"இது என்னா, சப்பாத்தா?"

"டாங்கி."

"டாங்கியா! கயிறு கட்டாத சப்பாத்து மாதிரி இருக்குங்க. கொஞ்சம் தள்ளுங்க."

பென்சிலை வாங்கி, முன்பக்கம் அடியில் இரண்டு கட்டங்களை அழித்தாய். மேலே ஒன்றைக் கறுப்பாக்கினாய். மூக்கைத் தூக்கிக்கொண்டு எங்கோ புறப்பட்டுவிட்டது போல ஆகிவிட்டது அது. அதற்குப் பிறகு நான் தாளில் எழுதுவேன், நீ தட்டுவாய். உன் விரல் வேகத்துக்கு அந்தச் சின்ன விசைப்பலகை ஈடுகொடுக்க முடியாமல் எழுத்துகளை விட்டுவிடும். "உங்கள மாதிரிதான், மெதுவாக் கேட்டாத்தான் பதில் சொல்லுது" என்பாய்.

முதலில் டாங்கிக்கு அசுர பலம் கொடுத்தேன். எதிரில் வந்ததெல்லாம் காலி. நீ ஆடிப் பார்த்தாய்.

"வாத்தியாரே, முறுக்கு ஒன்னு தின்னு முடிக்கல, சண்டை முடிஞ்சு போச்சு லா. இதுக்கு எதுக்கு மத்த ஆளுங்க? பாவம், வீட்டுக்கு அனுப்பிருங்க."

வாத்தியாரே என்று நீ என்னைக் கூப்பிட ஆரம்பித்தது அன்றுதான்.

அடுத்ததாக வரலாற்றுக்கு உண்மையாக இருக்க முயன்றேன். அந்தக் காலத்து டாங்கி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும், அடிக்கடி பழுதாகும் என்று படித்திருந்தேன். ஆகவே மெதுவாக்கினேன். எப்போது நிற்கும் என்பதைப் பகடை உருட்டுவது போலக் கணினியே தீர்மானிக்கும்படி எழுதினேன். இந்தத் தடவை உனக்குக் கோபம் வந்தது.

"நான் என்னா தப்பு பண்ணேன்? சும்மா போய்க்கிட்டு இருந்துச்சு, நின்னுருச்சு. சபாக் பஸ்ஸுகூட இப்படிச் செய்யாது."

"அது அப்படித்தான் பழுதாகுமாம்."

"பழுதாகட்டும். ஏன்னு எனக்குத் தெரியணும்ல? தெரிஞ்சாத்தானே அடுத்த தடவ பாத்து ஓட்டுவேன்."

நீ சொன்னது சரி என்று பட்டது. திருத்தும் வழிதான் தெரியவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்று கிள்ளானுக்குச் சொல்லி அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தேன். அதை உன்னிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை.

அந்த வார இறுதியில் ஜெராமில் உன் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தோம். பசியாறிக்கொண்டிருந்தபோது லயத்துக்குப் பின்னாலிருந்து ஒரே கூச்சல். மறுநடவுக்காகப் பழைய செம்பனை மரங்களைச் சாய்க்க வந்திருந்த புல்டோசர், வாய்க்கால் ஓரத்தில் ஒரு பக்கமாக இறங்கி உட்கார்ந்துவிட்டது. லயமே திரண்டுவிட்டது. ஆளுக்கு ஒரு யோசனை. "பின்னால எடு!" "எடுக்காத, இன்னும் இறங்கும்!" "இவனுக்கு யாரு லா லைசென்ஸ் குடுத்தா?" ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்தார்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார். ஆட்கள் மட்டைகளை வெட்டி, சங்கிலிப் பட்டைக்கு அடியில் திணித்தார்கள். அவர் ஒரு கம்பால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்து, காலால் மிதித்து, கையைத் தூக்கினார். ஓட்டுநர் அந்தக் கையை மட்டும் பார்த்தார். வண்டி உறுமிக்கொண்டு கொஞ்சம் ஏறியது. கை இறங்கியது, வண்டி நின்றது. மறுபடி மட்டை, மறுபடி மிதி, மறுபடி கை. அப்படியே வாய்க்காலையும் தாண்டி மேட்டுக்கு வந்துவிட்டது.

நீ என் முழங்கையைப் பிடித்து உலுக்கினாய். "பாருங்க, பாருங்க! அம்மாம் பெரிய வண்டிய அந்தக் கைலி கட்டின மனுசன் இல்ல ஓட்டுறாரு!"

எனக்குச் சட்டென்று வழி தெரிந்தது. பகடையே வேண்டாம். டாங்கி நிற்பதற்குக் காரணம் மண். போவதற்குக் காரணம் ஆட்கள். காலாட்படை நடந்து பார்த்த கட்டத்தில் மட்டும் அது போகலாம். நடக்காத கட்டத்தில் இறங்கினால் புதையும். வாய்க்காலைத் தாண்ட, பக்கத்தில் ஒரு படை நின்று மட்டை போட வேண்டும். பட்டை எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று பார்க்கும் பரபரப்பில் நானும் சேற்றில் இறங்கிவிட்டேன். கால் திரும்பி வந்தது, சப்பாத்து வரவில்லை.

"மச்சான், புல்டோசரத் தூக்கியாச்சு. உங்களுக்கும் மட்டை வெட்டணுமா?" என்று உன் அண்ணன் கேட்க, நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். நானும் ஒற்றைச் சப்பாத்தோடு நின்று சத்தமாகச் சிரித்தேன். அதற்கு முன் உன் எதிரில் அப்படிச் சிரித்ததில்லை என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. இப்படிப்பட்டதையெல்லாம் நினைவில் வைத்திருந்தது நீதான்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்துவிட்டோம். கணினியின் நினைவகத்தில் இடம் போதவில்லை. குதிரைப்படையை எடுத்தோம், நான் ஆசையாகச் செய்த மழையையும் எடுத்தோம். களம் பிரான்ஸ் என்று நான் தலைப்புப் போட்டிருந்தேன். நீ வரைந்த வாய்க்கால்களோ தோட்டத்து வாய்க்கால்கள், அளந்து வெட்டியது போல ஒரே சீராக.

"பிரான்சுல இப்படி இருக்காது" என்றேன்.

"போய்ப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. வாய்க்கால்கள் அப்படியே இருந்துவிட்டன. மாட்டிக்கொண்ட டாங்கி கீச்சிட்டு உதவி கேட்க வேண்டும் என்பதும் உன் யோசனைதான். "வாய் இருக்குல்ல, கேக்கட்டும். கேட்டாத்தானே யாராச்சும் வருவாங்க" என்றாய்.

நம் மகன் இப்போது கைப்பேசியில் ஆடும் விளையாட்டில் டாங்கிகள் மான் போலப் பாய்கின்றன. "இது சேத்துல மாட்டாதாப்பா?" என்று ஒரு நாள் கேட்டேன். "மாட்டுனா யாருப்பா வெளாடுவா?" என்றான். கிள்ளானுக்குப் புறப்பட்ட காலையில் எனக்கும் அதே சந்தேகம்தான். பஸ் நிலையத்திலேயே திரும்பிவிடலாம் என்றேன்.

"நீங்க பெரிசா ஒன்னும் பேச வேணாம். பேரச் சொல்லுங்க, பெட்டிய முடுக்குங்க. மிச்சத்த டாங்கி பாத்துக்கும்" என்று சொல்லி, கணினிப் பையைத் தூக்கிக்கொண்டு நீ முதலில் ஏறிவிட்டாய். பெட்டி போன பிறகு நான் நின்று என்ன செய்வது?

கூட்டம் நடந்த கடைவீட்டு மாடியில் நிறையப் பேர். சுங்கை சோவிலிருந்து வந்த ஒரு மீசைக்காரர் ஆட உட்கார்ந்தார். "டாங்கி இருக்கா? அப்ப ஜெயிச்சாச்சு" என்று அதை மட்டும் தனியாக முன்னால் விரட்டினார். முதல் வாய்க்காலிலேயே அது மூக்குக் குப்புற இறங்கிக் கீச்சிட்டது. மாடி முழுக்கச் சிரிப்பு.

"என்னா சார், உங்க டாங்கி குளிக்கப் போயிருச்சா?"

கை தானாகவே பெட்டியை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. நீ ஏதாவது சொல்லிக் காப்பாற்றுவாய் என்று திரும்பிப் பார்த்தேன். வாய் ஓயாத நீ அன்றைக்கு வாயே திறக்கவில்லை. புருவத்தை மட்டும் தூக்கி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆள அனுப்புங்க" என்றேன். எனக்கே கேட்கவில்லை.

"என்னா சார்?"

"ஆள அனுப்புங்க! மொதல்ல ஆள் நடக்கணும். நடந்த எடத்துல மட்டும்தான் அது போகும். பக்கத்துல நிறுத்தி மட்டை போடுங்க!"

பிரான்சில் செம்பனை மட்டை ஏது என்று யாரும் கேட்கவில்லை. மீசைக்காரர் ஒரு படையைத் திருப்பி அழைத்தார். டாங்கி ஒரு கட்டம் நகர்ந்தது. கைதட்டல். பிறகு எல்லாருமே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். "அந்தப் பக்கம் இன்னொரு வாய்க்கா இருக்கு, பாத்து!" "மூலையில நிக்கிறவனையும் கூப்புடு லா, சும்மாதானே நிக்கிறான்!" துறைமுகத்தில் வேலை பார்த்த வயதான சீனர் ஒருவர் திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்தி, இறக்கி வழிகாட்டினார். அவர் நம் மண்டோரைப் பார்த்திருக்கவே முடியாது. நான் அவர்களுக்கு நடுவில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன், சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாங்கியைத் தூக்க எல்லாரையும் அழைத்துவிட்டதால் மீசைக்காரரின் முகாமில் காவலுக்கு ஆளில்லை. போரில் தோற்றுவிட்டார். திரையில் அப்படி எழுதியே வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. "அது கெடக்குது சார், இருங்க. இதக் கரையேத்திட்டு வர்றேன்."

திரும்பும் பஸ்ஸில் நான் பேச ஆரம்பித்தேன். மழையைத் திரும்பச் சேர்ப்பது பற்றி, அடுத்த களம் பற்றி, பிறகு என் சின்ன வயது, என் அப்பா, உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீ தட்டை நீட்டியபோது நான் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது. ஜெராம் தாண்டியும் நிறுத்தவில்லை. முன் இருக்கைக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இறங்கும் இடம் நெருங்கியபோது நீ என் கையின் மேல் கை வைத்தாய்.

"போதும் வாத்தியாரே. நாளைக்குக் கொஞ்சம் மிச்சம் வெய்ங்க. எனக்கு நாளைக்கும் வேணும்."

அதை நான் தவறவிடவில்லை. விளக்கை அணைக்கும்போது உனக்குச் சொல்ல ஏதாவது ஒன்றை மனத்தில் எடுத்து வைத்திருப்பேன். காலையில் காப்பி குடிக்கும்போது சொல்வேன். நீ போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போதும் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். காலையில் நம் மேசையில் உட்கார்ந்து, உன் பக்கம் பார்த்து, வாய்விட்டுச் சொல்கிறேன். பதில் வராதவரிடம் எப்படிப் பேசிக்கொண்டே இருப்பது என்பது எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் நீ அதைத்தானே செய்துகொண்டிருந்தாய், அவ்வளவு சந்தோஷமாக.